கூர்பேயின் கடைசி மலைகளை ஊர் ஏக்கம் என்று படிக்கலாமா?

மயிலை வாசகி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். மயிலாப்பூரில் நாங்கள் சிலர் மாதம் ஒருமுறை கூடி, ஓர் ஓவியரை எடுத்துக்கொண்டு, அவருடைய படங்களைத் திரையில் போட்டுப் பேசி வருகிறோம். அடுத்த கூட்டத்தில் குஸ்தாவ் கூர்பேயைப் பற்றிப் பேசும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. யதார்த்தவாதத்தின் தலைமகன் என்று அவரைச் சொல்லி, கல் உடைக்கும் தொழிலாளர்களையும் ஒர்னான் ஊரின் சவ அடக்கத்தையும் காட்டி முடித்துவிட எனக்கு மனமில்லை. சுவிட்சர்லாந்தில் அவர் கழித்த கடைசி நான்கு ஆண்டுகளில் வரைந்த ஏரிகளையும் மலைகளையும் மையமாக வைத்துப் பேச விரும்புகிறேன்.

கதை பலருக்கும் தெரிந்திருக்கும். 1819இல் பிரான்சின் கிழக்கு ஓரத்தில், லூ ஆற்றங்கரையில் உள்ள ஒர்னானில் பிறந்தவர். 1871இல் பாரிஸ் நகரத்துப் புரட்சி அரசான பாரிஸ் கம்யூனில் பங்கெடுத்தார். நெப்போலியனின் வெற்றியைப் போற்றி எழுப்பப்பட்டிருந்த வாந்தோம் தூண் அந்த மே மாதத்தில் வீழ்த்தப்பட்டது. அந்தப் பழி அவர் தலையில் விழுந்தது. சிறைக்குப் போனார். 1873 ஜூலையில் எல்லையைக் கடந்து, ஜெனீவா ஏரிக்கரையில் லா தூர்-தெ-பெல்ஸ் என்ற சிற்றூரில் தங்கினார். 1877 டிசம்பர் 31 அன்று, ஊர் திரும்பாமலேயே அங்கே இறந்தார்.

இதைச் சொல்லிவிட்டு ஏரியில் சூரியன் மறையும் படத்தைத் திரையில் போட்டால், கூட்டத்தில் இருப்பவர்கள் அனைவரும் அதில் ஏக்கத்தைத்தான் காண்பார்கள். எனக்குத் தயக்கம் வருவது அங்கேதான். அந்த ஏக்கம் படத்தில் இருக்கிறதா, அல்லது வாழ்க்கை வரலாறு தெரிந்துவிட்டதால் நாம் அதைப் படத்தின் மேல் ஏற்றுகிறோமா? அங்கே அவர் வரைந்தவை ஆல்ப்ஸ் மலைகள். அவை அவருடைய ஊர் மலைகள் அல்ல. ஏரிக்கரையில் உள்ள ஷீயோன் கோட்டையை அவர் திரும்பத் திரும்ப வரைந்ததற்கு, அதைப் பார்க்க வரும் பயணிகள் வாங்குவார்கள் என்பதும் ஒரு காரணம். அதோடு, ஒர்னானில் வாழ்ந்த காலத்தில் வரைந்த குகைகளிலும் பாறைகளிலும் இருக்கும் அழுத்தம் இந்தக் கடைசிப் படங்களில் எனக்குத் தென்படவில்லை. ஏக்கம் என்றால் அது கூடியல்லவா இருக்க வேண்டும்?

ஓவியம் கற்றவர்களும் வரலாறு படித்தவர்களும் இங்கே இருக்கிறீர்கள். உங்கள் கருத்தைச் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.


பெரியமேடு பழைய மாணவர் எழுதியது:

அம்மா, நல்ல கேள்வி. ஊர்ப் படங்களில் இருக்கும் அழுத்தம் கடைசிப் படங்களில் இல்லை என்று நீங்கள் கண்டிருப்பது மிகச் சரி. அதையே ஏக்கத்திற்கு எதிரான சாட்சியாக எடுத்துக்கொள்வதில்தான் நான் உங்களோடு மாறுபடுகிறேன்.

முதலில் கையைப் பார்ப்போம். பெரியமேட்டில் ஓவியக் கல்லூரியில் நாங்கள் படித்தபோது மாமல்லபுரத்திற்கு அழைத்துச் சென்று பாறையை ஆயிலில் வரையச் சொல்வார்கள். தூரிகையால் பாறை வரைந்தால் அது பஞ்சுப் பொதியாக வந்து நிற்கும். எங்கள் ஆசிரியர் கேன்வாஸ் முழுவதும் கரும்பழுப்பைப் பூசிக் காயவைத்து, அதன்மேல் நைஃபால் வேலை செய்யச் சொன்னார். கத்தியின் அடியில் சாம்பலையும் வெளிர் மஞ்சளையும் சேர்த்து எடுத்து, தட்டையாக வைத்து ஒரே இழுப்பாக இழுத்தால், ஒளிபட்ட முகமும் அதன் கீழே பிளவும் ஒன்றாக விழும். வண்ணம் தொடாத இடத்தில் அடியிலிருக்கும் கருமை நிழலாக நின்றுவிடும். இதற்கு வழிகாட்டியாக அவர் எங்களுக்குக் காட்டியவை கூர்பேயின் படங்கள். இருண்ட அடிப்பூச்சிலிருந்து ஒளியை நோக்கி வருவதும், கத்தியாலும் துணியாலும் வண்ணத்தை அப்பித் தேய்த்துச் சுரண்டுவதும் அவருடைய வழக்கம். சுண்ணாம்புப் பாறையின் அடுக்கு, பிளவு, ஈரம், பாசி எல்லாம் அந்தக் கத்திக்கு வசப்பட்டவை.

இப்போது 1864 வாக்கில் அவர் பலமுறை வரைந்த ‘லூ ஆற்றின் ஊற்று’ படங்களில் நியூயார்க்கில் இருப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். வானமே கிடையாது. கேன்வாஸின் நான்கு ஓரங்களையும் பாறை அடைத்துக்கொண்டிருக்கிறது. நடுவே கரிய குகை வாய். அதிலிருந்து தண்ணீர் நம் காலடியை நோக்கி வருகிறது. அந்த ஆறு சிறு ஓடையாகப் பிறந்து பெருகுவதில்லை. பாறையைப் பிளந்துகொண்டு வெளிவரும்போதே முழு ஆறாக வருகிறது. அங்கே நின்றவனுக்கு அடிவானம் என்ற ஒன்று தெரியாது. தன் நிலத்தை அறிந்தவன்தான் அதை வரைய முடியும் என்று கூர்பே சொல்லி வந்ததற்கு இந்தப் படமே போதுமான சான்று.

அடுத்து, 1874இல் வரைந்து, இப்போது சுவிட்சர்லாந்தின் வெவே நகரில் இருக்கும் ‘லெமான் ஏரியில் சூரியன் மறைதல்’ படத்தை அதன் பக்கத்தில் வையுங்கள். (லெமான் என்பது ஜெனீவா ஏரியின் பிரெஞ்சுப் பெயர்.) பெரும்பகுதி வானம், கீழே தண்ணீர். கைக்கு எட்டும்படி ஒரு பொருளும் இல்லை. பாறையை முகத்துக்கு முன்னால் வைத்து வரைந்த மனிதர், எதையும் தொட முடியாத தொலைவுக்குப் போய்விட்டார். அழுத்தம் குறைந்ததற்குக் காரணம் உடல்நலக் குறைவு என்று சிலர் சொல்வார்கள். குடியும் நோயும் அவரைத் தின்றது உண்மைதான். ஆனாலும் அதே ஆண்டுகளில் கோட்டைச் சுவரை வரையும்போது கத்தி உறுதியாகவே நடக்கிறது. மலையிடம் வரும்போதுதான் அவர் ஒதுங்கி நிற்கிறார். பழகிய பாறையோடு அவருக்கு இருந்த நெருக்கம் ஆல்ப்ஸோடு ஏற்படவில்லை; அதை மறைக்கவும் அவர் முயலவில்லை. யதார்த்தவாதி அல்லவா? தெரியாத மலையைத் தெரிந்ததுபோல் வரைய அவர் கை ஒப்பவில்லை என்று நான் புரிந்துகொள்கிறேன்.

ஒரு வேண்டுகோள். திரையில் காட்டும்போது முழுப் படத்தை மட்டும் காட்டாமல், இரண்டு படங்களிலிருந்தும் ஒரே அளவுள்ள ஒரு துண்டைப் பெரிதாக்கிக் காட்டுங்கள். பாரிஸில் ஓர்சே அருங்காட்சியகத்தில் அவருடைய மூலப் படங்களுக்கு முன்னால் ஒருமுறை நின்றிருக்கிறேன். வண்ணம் மேடு கட்டி நிற்பதை எந்த அச்சும் காட்டுவதில்லை. பெரிதாக்கினால் ஓரளவாவது தெரியும்.


ஆவணக்காரர், எழும்பூர் எழுதியது:

ஐயா சொன்னதை முழுமனதோடு ஏற்கிறேன். ஆனால் எந்தப் படத்தைத் திரையில் போடுகிறோம் என்பதில் மிகுந்த கவனம் வேண்டும் என்பதால், பணக் கணக்கையும் இங்கே சொல்ல வேண்டியிருக்கிறது.

தூணைக் கழற்றி எடுத்துவிடலாம் என்று 1870 செப்டம்பரில் அன்றைய அரசுக்கு எழுதியவர் கூர்பே என்பது உண்மை. ஆனால் தூணை இடிக்கக் கம்யூன் ஆணையிட்டது 1871 ஏப்ரல் 12 அன்று; கூர்பே கம்யூனுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டது ஏப்ரல் 16 அன்று. இடிக்கும் முடிவு எடுக்கப்பட்டபோது அவர் அந்த அவையிலேயே இல்லை. இராணுவ நீதிமன்றம் அவருக்கு ஆறு மாதச் சிறையும் 500 ஃபிராங்க் அபராதமும் விதித்தது. அதோடு முடிந்திருக்க வேண்டிய வழக்கு அது. 1873இல் ஆட்சி புதிய குடியரசுத் தலைவர் மாக்-மாவோன் கைக்கு மாறியதும், தூணை மீண்டும் எழுப்பும் செலவு முழுவதையும் கூர்பேயிடமே வசூலிக்க நாடாளுமன்றம் முடிவு செய்தது. அவருடைய சொத்துகளைப் பறிமுதல் செய்யும் வேலை தொடங்கியது. அவர் எல்லையைக் கடந்தது அந்தக் கோடையில்தான்.

1877இல் தொகை முடிவாயிற்று: 323,091 ஃபிராங்கும் சில சதங்களும். ஆண்டுக்குப் பத்தாயிரம் வீதம், அவருக்குத் தொண்ணூற்றொரு வயது ஆகும்வரை கட்ட வேண்டும். முதல் தவணைக்குக் குறிக்கப்பட்ட நாள் 1878 ஜனவரி 1. அதற்கு முந்தைய நாள் அவர் இறந்துபோனார். ஒரு கலைஞனிடம் ஓர் அரசு இப்படி நடந்துகொண்டதைப் படிக்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது.

இந்தக் கடனுக்கும் உங்கள் கேள்விக்கும் நேரடியான தொடர்பு உண்டு. பணம் தேவைப்பட்டதால் அந்த ஆண்டுகளில் நிலக்காட்சிகள் வேகவேகமாக உருவாயின. செருபினோ பாட்டா, மார்செல் ஒர்தினேர் போன்ற உதவியாளர்கள் அவரோடு சேர்ந்து வேலை செய்தனர். சில கேன்வாஸ்களில் எது யாருடைய கை என்று பிரிப்பதே கடினம். அவர் கையொப்பத்தோடு போலிகளும் சந்தையில் புழங்கின. ஆகவே, இணையத்தில் அவர் பெயரோடு கிடைக்கும் எந்தச் சுவிஸ் மலைப் படத்தையும் எடுத்து, அதன் மங்கலான வண்ணத்தில் ஏக்கம் தெரிகிறது என்று சொல்லிவிடாதீர்கள். அந்த மங்கல் உதவியாளருடைய அவசரமாக இருக்கலாம். ஒர்னான் அருங்காட்சியகத்தில் உள்ள 1874ஆம் ஆண்டு ஷீயோன், ஐயா குறிப்பிட்ட வெவே நகரத்துப் படம், கிளீவ்லண்ட் அருங்காட்சியகத்தில் உள்ள பெரிய ஆல்ப்ஸ் படம் ஆகியவற்றோடு நின்றுகொள்வது பாதுகாப்பானது.

ஷீயோனைப் பற்றி இன்னொன்று. அது விற்பனைக்கு உகந்த காட்சி என்று நீங்கள் எழுதியது சரிதான். ஆனால் 16ஆம் நூற்றாண்டில் போனிவார் என்ற அரசியல் கைதி சங்கிலியில் கட்டி வைக்கப்பட்டிருந்ததால் புகழ்பெற்ற கோட்டை அது. சிறையிலிருந்து வந்த ஓவியர், சிறையாக இருந்த கோட்டையை மீண்டும் மீண்டும் வரைகிறார். விற்பனை ஒரு காரணமாக இருந்தால் மற்றொரு காரணம் இருக்கக் கூடாதா என்ன? விடுதலையான பிறகு ஒர்னானில் வரைந்த, தூண்டிலில் மாட்டிச் செவுள் வழியே குருதி கசியும் மீன் படம் ஒன்றில், ‘தளையில் இருந்தபோது வரைந்தது’ என்று பொருள்படும்படி இலத்தீனில் எழுதி, 1871 என்று முந்தைய ஆண்டையே போட்டவர் அவர். தன் நிலைமையைப் பொருள்களின் மேல் ஏற்றிச் சொல்லும் பழக்கம் அவருக்கே இருந்தது. எனவே அதை நாம் வலிந்து ஏற்றுகிறோம் என்று நீங்கள் அஞ்ச வேண்டியதில்லை.


கோத்தகிரி மகன் எழுதியது:

நான் ஓவியம் கற்றவன் அல்லன். வேளச்சேரியில் கணக்கர் வேலை பார்ப்பவன். ஆனால் ‘அவை அவருடைய ஊர் மலைகள் அல்ல’ என்ற உங்கள் வரியைப் படித்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

என் அம்மா இலங்கையில் அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்தவர். 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி, ஐந்து லட்சத்து இருபத்தைந்தாயிரம் பேரை இந்தியா ஏற்றுக்கொள்வது என்று இரண்டு அரசுகளும் எழுதிக்கொண்டன. அந்தக் கணக்கில் வந்து இறங்கியவர்களில் அம்மாவும் ஒருவர். தாயகம் திரும்பியோர் என்று தாள்களில் எழுதினார்கள். அம்மா அதுவரை பார்த்தே இராத தாயகம் அது. அரசுத் தேயிலைத் தோட்டத்தில் வேலை கிடைத்து, கோத்தகிரிப் பக்கம் குடியேறினார். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இதில் பெரிய வேறுபாடு ஒன்றும் தெரியாது. அங்கும் மலை, இங்கும் மலை. அங்கும் கொழுந்து, இங்கும் கொழுந்து. அங்கே லயம், இங்கே வரிசை வீடு.

அம்மாவுக்கோ எல்லாமே மாறியிருந்தது. “இங்க மழ ஏறுமாறா பெய்யுது” என்பார். அட்டன் பக்கத்தில் வைகாசி, ஆனியில் தென்மேற்கு மழை பிடித்தால் வாரக்கணக்கில் விடாது. கோத்தகிரியில் ஐப்பசி, கார்த்திகையில்தான் நல்ல மழை. காலையில் பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, போகும்போது வானம் தெளிந்திருந்தால் தூரத்தில் சிவனொளிபாத மலையின் கூம்பு தெரியும் என்றும், அந்தத் திசையை வைத்துத்தான் மற்றத் திசைகளைச் சொல்லிப் பழகினோம் என்றும் சொல்வார். கோத்தகிரிக்கு வந்து பல ஆண்டுகள் கழித்தும், திசை சொல்ல வேண்டிய இடத்தில் ஒரு கணம் நின்று யோசித்துவிட்டுத்தான் கையை நீட்டுவார். மலையே இல்லாத ஊரில் கொண்டுபோய் விட்டிருந்தால் அவர் இவ்வளவு தவித்திருக்க மாட்டாரோ என்று நான் நினைத்ததுண்டு. ஏறக்குறைய அதைப் போலவே இருக்கும் ஒன்றை நாள்தோறும் பார்த்துக்கொண்டிருப்பது தனி வேதனை.

அதனால் கூர்பே ஆல்ப்ஸை வரைந்தார், தன் ஊர்ப்பக்கத்து ஜூரா மலைகளை வரையவில்லை என்பது எனக்கு முரணாகத் தோன்றவில்லை. வரைபடத்தை எடுத்துப் பார்த்தேன். லா தூர்-தெ-பெல்ஸிலிருந்து ஒர்னான் வடமேற்கில், நேர்க்கோட்டில் சுமார் 90 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. இங்கிருந்து மேல்மருவத்தூர் போகும் தூரம்தான். ஆனால் ஏரியை நோக்கி நின்று வரைபவருக்கு ஒர்னான் முதுகுப் பக்கம் விழுகிறது. எதிர்க்கரையில் தெரிவது பிரான்சுதான், ஆனால் சவோய் பகுதி. 1860இல்தான் பிரான்சோடு இணைந்த நிலம் அது. தன்னைத் துரத்திய நாடு கண்ணெதிரே, தன் ஊர் முதுகுக்குப் பின்னே: இந்த நிலையில் நான்கு ஆண்டுகள் அந்தக் கரையில் ஒருவர் நின்றிருக்கிறார். படத்தை அவர் எந்தப் பக்கம் திரும்பி நின்று வரைந்தார் என்பதைக் கூட்டத்தில் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.


தமிழாசிரியை, தாம்பரம் எழுதியது:

கோத்தகிரி மகன் எழுதியதைப் படித்துவிட்டு வெகுநேரம் வேறு வேலை ஓடவில்லை. உங்கள் அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

நிலத்தையும் பிரிவையும் ஒன்றாக வைத்துப் பேச நம்மிடம் ஒரு முறை இருக்கிறது. அதை இந்தப் படங்களுக்குப் பொருத்திப் பார்க்கலாம். முதற்பொருள் என்பது நிலமும் பொழுதும். கருப்பொருள் என்பது அந்த நிலத்தில் வாழ்பவை: மரம், விலங்கு, பறவை, உணவு, தொழில், தெய்வம். உரிப்பொருள் என்பது அங்கே நிகழும் அக ஒழுக்கம். கூர்பேயின் ஒர்னான் படங்களை இந்தக் கண்ணோடு பார்த்தால், கருப்பொருளின் செறிவு வியக்க வைக்கிறது. மான், மீன், ஃபிளாஜே ஊரின் பெரிய ஓக் மரம், கல் உடைப்பவர்கள், சந்தையிலிருந்து மாடு ஓட்டி வரும் உழவர்கள், பங்குக் குரு, குழிவெட்டுபவர் எல்லாரும் இருக்கிறார்கள். சவ அடக்கப் படத்தில் கூடியிருப்பவர்கள் அந்த ஊர்க்காரர்களே. அவர்கள் தலைக்கு மேலே நீளவாக்கில் கிடக்கும் பாறை விளிம்பு அந்த ஊரின் பாறைதான்.

ஏரிப் படங்களுக்கு வந்தால் கருப்பொருள் ஒவ்வொன்றாக உதிர்ந்துவிடுகிறது. மாலைப் பொழுதும் நீர்ப்பரப்பும் மட்டும் எஞ்சுகின்றன. அங்கே எந்த மரம் எந்தக் குடும்பத்துக்குச் சொந்தம், எந்த மடுவில் எந்த மீன் கிடக்கும் என்று அவருக்குத் தெரியாது. தெரியாத நிலத்தில் ஒருவருக்கு உறுதியாகத் தெரிந்தது பொழுது ஒன்றுதான். நம் மரபில் மாலைப் பொழுது பிரிந்திருப்பவரை எப்படி வருத்தும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. எனவே அழுத்தம் குறைந்திருக்கிறது என்று மயிலை வாசகி கண்ட அந்த இடத்திலேயே உரிப்பொருள் இருக்கிறது என்பது என் துணிபு. ஏக்கம் கொண்டவர் ஊரை மேலும் செறிவாக வரைவார் என்று நாம் எதிர்பார்க்கிறோம். இவர் ஊர் இல்லாத இடத்தை இல்லாமையோடேயே வரைந்திருக்கிறார்.

இன்னொரு படத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1855இல் வரைந்த ‘ஓவியரின் பணிக்கூடம்’ மிகப் பெரிய படம். பாரிஸ் பணிக்கூடத்தில் அத்தனை பேர் சூழ்ந்திருக்க, நடுவில் உட்கார்ந்து அவர் வரைந்துகொண்டிருப்பது லூ பள்ளத்தாக்கை. அப்போது அவரை யாரும் துரத்தவில்லை. நினைத்தால் ஊருக்குப் போய் வரலாம், போய் வந்துகொண்டும் இருந்தார். அந்த நாளிலேயே நகரத்தின் நடுவில் உட்கார்ந்து நினைவிலிருந்து ஊரை வரைபவராகத்தான் அவர் தன்னை உலகுக்குக் காட்டிக்கொண்டார். சுவிட்சர்லாந்துக்கு முன்பே தொடங்கிய ஏக்கம் இது.


மயிலை வாசகி எழுதியது:

உங்கள் அனைவருக்கும் நன்றி. கோத்தகிரி மகன் சொன்ன திசைக் குறிப்பை வரைபடத்தோடு காட்டப் போகிறேன்; அவர் சம்மதித்தால் அவருடைய அம்மா மழையைப் பற்றிச் சொன்னதையும், பெயரில்லாமல், கூட்டத்தில் சொல்ல விரும்புகிறேன். லூ ஊற்றையும் ஏரியையும் அருகருகே வைத்து, பெரியமேடு ஐயா சொன்னபடி ஒரே அளவுத் துண்டுகளைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஊற்றுப் படத்தில் கத்தி ஒவ்வோர் இழுப்பிலும் திசை மாறுகிறது; ஏரியில் ஏறக்குறைய எல்லா இழுப்பும் கிடைமட்டமாகவே போகிறது. திரையிலேயே இது தெரிகிறது.

ஒன்று மட்டும் எனக்கு இன்னும் பிடிபடவில்லை. கிளீவ்லண்டில் உள்ள பெரிய ஆல்ப்ஸ் படத்தை என்ன செய்வது? அதில் மலை இருக்கிறது, பாறை இருக்கிறது, ஆடு மேய்க்கும் பெண்ணும் இருக்கிறாள். கருப்பொருள் உதிர்ந்துவிட்டது என்று சொன்னால் இந்தப் படம் அதற்கு ஒத்துவரவில்லையே?


பெரியமேடு பழைய மாணவர் எழுதியது:

ஆம், அந்தப் படம் ஒத்துவராது; ஒத்துவர வேண்டிய கட்டாயமும் இல்லை. ‘தான் து மிதி’ என்ற சுவிஸ் மலைச் சிகரங்களைக் காட்டும் அந்தப் படம் ஒன்றரை மீட்டர் உயரமும் இரண்டு மீட்டருக்கு மேல் அகலமும் கொண்டது, 1877ஆம் ஆண்டுக்குரியது. அடுத்த ஆண்டு பாரிஸில் நடக்கவிருந்த உலகக் கண்காட்சியை மனத்தில் வைத்து அவர் அதைத் தொடங்கியிருந்தார். அதாவது, தான் போக முடியாத பாரிஸுக்குத் தன் படமாவது போக வேண்டும் என்று கருதி, பல ஆண்டுகளுக்குப் பிறகு பெரிய அளவில் கேன்வாஸ் கட்டினார். 1872இல் அவருடைய படங்களைச் பாரிஸின் அதிகாரபூர்வ ஓவியக் கண்காட்சியான சலோனுக்குள் விடாமல் ஓவியர் மெசோனியேவும் மற்ற நடுவர்களும் தடுத்தார்கள் என்பதை நினைத்தால், அந்த வயதில், அந்த உடம்போடு அவர் மீண்டும் முயன்றதன் எடை புரியும்.

முன்னணியில் இருக்கும் பாறைத் திட்டை உற்றுப் பாருங்கள். அங்கே பழைய கத்தி திரும்பி வந்திருக்கிறது. ஒர்னான் பாறைகளை வரைந்த அதே நெருக்கத்தோடு அந்தத் திட்டு வரையப்பட்டிருக்கிறது. ஆட்டுக்காரப் பெண்ணும் ஆடுகளும் அந்தப் பாறையோடு ஒட்டியே இருக்கிறார்கள். ஆனால் அவர்கள் முடிக்கப்படவில்லை, வண்ணம் மெலிதாக நிற்கிறது. அவர்களுக்குப் பின்னால் பனிச் சிகரங்கள் தொலைவில், வெளிறி, வேறோர் உலகமாக நிற்கின்றன. ஒரே கேன்வாஸில் தொட்டுப் பழகிய நிலமும் தொட முடியாத மலையும் சேர்ந்து கிடக்கின்றன. அந்தப் பாறை எங்கே இருந்தது, அங்கே போய் நின்று பார்த்து வரைந்தாரா என்பதைவிட, அதை எந்தக் கையால் வரைந்தார் என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது. புதிய நிலத்தில் மீண்டும் கருப்பொருளைச் சேர்க்கத் தொடங்கியிருந்தார் என்று ஆசிரியை அம்மாவின் மொழியிலேயே சொல்லலாம். முடிக்க நாள் போதவில்லை.

இன்னொரு செய்தியையும் எழுதிவிடுகிறேன். கூட்டத்திற்குத் தேவைப்படாவிட்டாலும் தெரிந்துகொள்ள வேண்டியது. கூர்பே எல்லையைக் கடந்த லே வெரியேர், பிரான்சின் பொந்தார்லியே நகரை அடுத்த எல்லைச் சாவடி. அந்த நகரின் வழியே தூ ஆறு ஓடுகிறது. 1901இல் பொந்தார்லியேயில் ஒரு மதுத் தொழிற்சாலை தீப்பிடித்து, பெருமளவு அப்சிந்த் மது ஆற்றில் கலந்தது. ஓரிரு நாளில் அதன் மணமும் நிறமும் லூ ஊற்றில் வெளிப்பட்டன. தூ ஆற்றின் நீரில் ஒரு பகுதி நிலத்தடியாகப் போய் லூ ஊற்றாக வெளிவருகிறது என்பது அப்படித்தான் உலகுக்குத் தெரிந்தது. தான் பலமுறை வரைந்த குகைக்குத் தண்ணீர் வரும் நிலத்தைக் கடந்துதான் நாட்டைவிட்டுப் போகிறோம் என்பது கூர்பேக்குத் தெரிந்திருக்க வழியில்லை.


ஆவணக்காரர், எழும்பூர் எழுதியது:

கூட்டத்தில் யாராவது நிச்சயம் கேட்பார்கள் என்பதால் ஒன்றைச் சேர்க்கிறேன். மன்னிப்புக் கேட்டுக்கொண்டு திரும்பியிருக்கலாமே என்ற கேள்வி எழும். கம்யூனில் பங்கெடுத்த எல்லாருக்கும் மன்னிப்புக் கிடைக்கும்வரை தான் மட்டும் திரும்புவதில்லை என்பதில் அவர் உறுதியாக இருந்தார். முழுமையான பொது மன்னிப்பு வந்தது 1880இல். அவர் இறப்பதற்குச் சில வாரங்கள் முன்பு, 1877 நவம்பரில், பறிமுதல் செய்யப்பட்ட அவருடைய படங்களும் பொருள்களும் பாரிஸில் ஏலம் விடப்பட்டன. இறந்தபோது தந்தை ரெஜி உடனிருந்தார். உடலை லா தூர்-தெ-பெல்ஸிலேயே அடக்கம் செய்தார்கள். நூற்றாண்டையொட்டி 1919இல்தான் எச்சங்கள் ஒர்னானுக்குக் கொண்டுவரப்பட்டன.

ஃபிளாஜே ஓக் மரத்தின் படம் வெகுகாலம் ஜப்பானில் இருந்தது. 2013இல் ஒர்னான் அருங்காட்சியகம் அதை வாங்கிக்கொண்டது. அந்தப் படத்தையும் வரிசையில் சேர்க்க இடமிருந்தால், ஆல்ப்ஸ் படத்துக்கு முன்னால் வையுங்கள். அடிமரமும் கிளையும் கேன்வாஸை நிறைத்து நிற்க, மரத்தின் உச்சி சட்டத்துக்கு வெளியே போய்விடுகிறது. லூ ஊற்றில் பெரியமேடு ஐயா காட்டிய அந்த நெருக்கம் மரத்திலும் இருப்பதைப் பார்த்துவிட்டு மலைக்குப் போனால், கூட்டத்தில் இருப்பவர்களுக்கு வேறுபாடு தானே விளங்கும்.